சுந்தரம் வெச்ச கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் போட்ட கதை

இல்லீங்க, லினக்ஸுக்குத்தான் வைரஸே வராதே, அப்பறம் எதுக்கு ஆன்டிவைரஸுன்னு நீங்க கேக்கறது புரியுது. நானும் அதையேதான் ஏற்காடு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஊட்டுல கம்ப்யூட்டர் வெச்சு நாலு பேருக்கு டைப் அடிச்சுக் குடுக்கற பொழப்புல, நம்ம மிஷினுக்குச் சளி புடிக்காம இருந்தாப் பத்தாது. அது தொட்ட ப்ளாப்பி அடுத்தவனுக்குச் சளியக் குடுக்காம இருக்கோணும். இந்தப் பொழப்புல அடிபட்டவங்களுக்குத் தெரியும்.

எம் பையன் சுந்தரம் பெங்களூர்ல வேலையா இருந்தான். தொண்ணூறுகளோட கடைசி அது. லீவுல வர்றப்ப பழைய மிஷின் ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, ஏதோ பத்திரிகையோட குடுத்த சிடியில இருந்து விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸைப் போட்டு, இதுல வைரஸ் வராதும்மா, தைரியமா அடின்னு சொல்லிட்டுப் போனான். அந்த மழைக்காலத்துல பைக்கெடுத்துட்டுப் போனவன், அப்படியே போயிட்டான். மிஷின் மட்டும் அவன் வெச்ச எடத்துல இருந்துச்சு. இந்த மலை ஈரத்துக்கு எல்லாம் பூஞ்சை புடிக்குமுங்க, அவன் பழைய சட்டையில அதுக்கு ஒரு உறை தெச்சுப் போட்டேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின கை, சும்மா இருக்க முடியலை. பயோடேட்டா அடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன்.

பொழுதுபோக்கு: கேரம்

மாதிரிக்கு அவனோட பயோடேட்டாதான். ஆபீஸ்ல அடிச்சு ப்ளாப்பில கொண்டாந்து ஏத்தி வெச்சிருந்தான். யார் வந்தாலும் அதைத் தொறந்து, அவன் பேரை அழிச்சு, வந்தவங்க பேரை அடிச்சு, தனியா வெச்சுக்குவேன். மொத்தமா அழிக்கத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாத்தான் அழிப்பேன்.

பொழுதுபோக்கு கேரம்னு ஒரு வரி இருக்கும். அதை மட்டும் யாருக்கும் மாத்தலை. மழைக்காலத்துல அவனும் அவங்கப்பாவும் ஆடுவாங்க. போர்டு ஈரத்தைக் குடிச்சிட்டுக் காய் நகராது, எங்கூட்டுக்காரர் எங் கோலமாவு டப்பாவையே கவுத்துருவாரு, அதுக்கு நான் போட்ட சண்டை வேற கதை. நாகலூர் எஸ்டேட்ல காப்பிப்பழம் பறிக்கறவங்க மக தேன்மொழி, சேலத்துல இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்தா. வேலை கெடைக்கலை. வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னா: "கேரம் நல்லா ஆடுவியான்னு கேட்டாங்க அத்தை, நானில்லீங்க, எங்க அத்தையோட பையன்தான் ஆடுவாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஸ்டீபன் கடை

எங்கூட்டுல பிரிண்டர் இல்லீங்க. இரவல் வாங்கின ஒண்ணும் லினக்ஸோட ஒத்துப்போகலை. ப்ளாப்பில ஏத்திக் குடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஸ்டீபன் கடையில பிரிண்ட் எடுத்துக்கச் சொல்வேன். ஸ்டீபன் சுந்தரத்தோட படிச்ச பையன். ஒரு நாள் அவன் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைரஸ் வந்துருச்சு. அடிச்சு வெச்ச கல்யாணப் பத்திரிகையெல்லாம் தொறந்தா கன்னாபின்னான்னு எழுத்து. எங்கூட்டு ப்ளாப்பியவே இனி வாங்கறதில்லைன்னுட்டான். அடுத்த இன்டர்வியூவுக்குப் போக நின்ன தேன்மொழி, ப்ளாப்பியக் கையில புடிச்சுக்கிட்டு மொகம் செத்துத் திரும்பி வந்தா. அவளுக்குக் கையாலயே எழுதிக் குடுத்தனுப்பினேன்.

அப்பறம் குடைய எடுத்துக்கிட்டுச் சண்டைக்குப் போனேன். லினக்ஸுல வைரஸ் வராதுன்னு எம் பையன் சொன்னது பொய்யான்னு கேட்டேன். அவன் சத்தம் போடலை. உங்க மிஷின்ல அது தூங்குதும்மா, எங்கிட்ட வந்து முழிக்குதுன்னான். எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போடறதுதான் வழின்னான். அப்ப சுந்தரம் வெச்சதெல்லாம்னு கேட்டேன், அதுவும் போயிரும்னான். முடியாதுன்னு எந்திரிச்சேன். வாசல் வரைக்கும் வந்து சொன்னான்: "அம்மா, சுந்தரம் சொன்னது நெசந்தான், உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது, ஆகறதெல்லாம் எனக்குத்தான்."

பாஸ்வேர்டு

கொஞ்ச நாள் கழிச்சு அவனே ஒரு சிடியோட வந்தான். லினக்ஸுலயே ஓடற ஆன்டிவைரஸ் இருக்குதாம், ஒண்ணையும் அழிக்க வேண்டாமாம். எனக்கு உசிரு வந்துச்சு. போட ஆரம்பிச்சா, மிஷினுக்குச் சொந்தக்காரன் பாஸ்வேர்டைக் கேக்குது. எனக்குத் தெரிஞ்சது தெனமும் நான் உள்ள போறதுக்கானது. மேல ஒண்ணு இருக்குது, அது அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

ஊட்டுல கூப்புடற பேரு, கொலசாமி பேரு, செத்துப்போன நாய் பேரு, எல்லாம் அடிச்சுப் பாத்தோம். எம் பொண்ணு சாந்தி, அவன் காலேஜ்ல படிச்சப்ப புடிச்சிருந்த ஒரு பிள்ளை பேரை மெதுவாச் சொன்னா. அப்படி ஒரு பிள்ளை இருந்ததே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அதுவும் இல்லை. கடைசியில ஸ்டீபன் மிஷினை நிறுத்திட்டு, அது முழிக்கறப்பவே ஏதோ அடிச்சு, பாஸ்வேர்டு கேக்காமயே உள்ள போயிட்டான். எம் மொகத்தைப் பாக்காமச் சொன்னான்: "உள்ள வந்துட்டோம்மா, ஆனா அவன் என்ன பாஸ்வேர்டு வெச்சிருந்தான்னு இனி யாருக்கும் தெரியாது."

கண்டுபுடிச்சது

ஆன்டிவைரஸ் ஓடுச்சு. அவன் வெச்ச ஃபைல் பேரெல்லாம் மளமளன்னு மேல போகுது. நான் பாத்தே இல்லாத பேருங்க. நிறுத்தி நிறுத்திப் படிக்க ஆசை, அது நிக்கலை. நின்னது ஒரு எடத்துல. சுந்தரத்தோட பயோடேட்டா.

நாகலூர்க்காரங்க ப்ளாப்பியா, கரடியூர்க்காரங்க ப்ளாப்பியான்னு நான் சந்தேகப்படாத ஆளில்லீங்க. கடைசியில வைரஸு அவன் ஆபீஸ்லயிருந்தே வந்திருக்குது. அந்த ஃபைலைத் தொறந்து பேரு மாத்தி அடிச்சது அத்தனையிலயும் இருந்துச்சு. இந்த ஆன்டிவைரஸுக்குக் கழுவத் தெரியாது, அழிக்க மட்டுந்தான் தெரியும்னான் ஸ்டீபன். இதையே பாத்து வேற ஃபைல்ல அடிச்சுக்கலாம், எழுத்தெல்லாம் அதேதான்னான். எழுத்து அதேதான், அடிச்ச கை வேறயில்லைங்களா. ப்ளாப்பியும் கையுமா நின்ன தேன்மொழி மொகம் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. அழிக்கற கீயை நானே அமுத்தினேன். ஸ்டீபன் புது ஃபைலைத் தொறந்து வெச்சிட்டுக் கேட்டான்: "அம்மா, கேரம்கற வரி வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

அவன் வெச்சதை வெச்சபடியே காப்பாத்தோணும்னு அத்தனை பாடுபட்டுப் போட்ட ஆன்டிவைரஸு, மொத வேலையா அவன் வெச்சதைத்தானுங்க எடுத்துட்டுப் போச்சு.

ஏ சாந்தி, மேகம் எறங்குது பாரு, கொடியில கெடக்கற அந்தக் கம்ப்யூட்டர் உறைய உள்ள கொண்டா.