நான் விட்டுவைத்த ஒன்பது கேள்விகள்

முப்பத்தொரு படி. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சாரியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. முதல் மாடிக்குப் பதினாறு படி, இரண்டாவதற்குப் பதினைந்து. ஒரு படி ஏன் குறைந்தது என்பதைக் கட்டியவனிடம்தான் கேட்க வேண்டும். பதினான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஆபீஸ் விட்டபின் அதில் ஏறி இறங்கினேன். எனக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று. வகுப்பில் என்னை நீக்கிப் பதிமூன்று பேர். அவர்களில் மூத்தவனுக்கு இருபத்தாறு. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள், வாத்தியார் வந்துவிட்டதாக நினைத்து. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும், அவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்கள்.

தம்பானூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் ஆபீசில் இருபத்தேழு வருஷம் டெலக்ஸ் ஆபரேட்டராக இருந்தவன் நான். டெலக்ஸ் என்பதை இப்போது விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே தட்டச்சு செய்வது கம்பி வழியாகப் போய், வேறொரு ஊரில் இருக்கும் எந்திரத்தில் தானாக அச்சாகும். அதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் லைனைத் திறக்காமல், காகித நாடாவில் செய்தியைத் துளையிட்டு எடுப்போம். நாடாவை வாசித்துப் பிழை பார்ப்போம். எல்லாம் சரியானபின் லைனைத் திறந்து, நாடாவை மளமளவென்று ஓடவிட்டு, உடனே மூடுவோம். லைன் திறந்திருக்கும்போது யோசிக்கக் கூடாது. யோசனையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இருபத்தேழு வருஷம் இதைச் செய்தால் இது வேலையாக இருக்காது, உடம்பாகிவிடும்.

பிறகு இ-மெயில் வந்தது. என் எந்திரத்தின் மேல் ஒரு துணியைப் போர்த்தினார்கள். துணியைப் போர்த்திய எந்திரத்தின் பக்கத்தில் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டார். ஆபீஸ் முழுக்கப் பதினெட்டுக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கப் போகிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், நெட்வொர்க்கிங் அடிப்படைப் பரீட்சையை மார்ச் முடிவதற்குள் பாஸ் செய்தால் அந்த இடம் எனக்கு என்றார்.

"இல்லாவிட்டால்?" என்று கேட்டேன்.

"பொன்முடி எஸ்டேட்ல ஒரு கிளார்க் சீட் ஒழிஞ்சு கெடக்கு" என்றார். நல்ல மனுஷர். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார்.

பொன்முடிக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. நாளுக்கு விரல்விட்டு எண்ணும் பஸ். ஆனால் என் கவலை பஸ் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் திரும்பி வந்தது, கை வரவில்லை. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தார்கள். பதினோரு மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைந்தன. ஐந்தில் இரண்டு. பயிற்சியை இடையில் நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. நான் மலைக்குப் போனால், ஒன்று அவள் என்னோடு வந்து கையை விட வேண்டும், அல்லது அந்தக் கையை வைத்துக்கொண்டு கரமனை வீட்டில் தனியாக இருக்க வேண்டும். ஆகவே முப்பத்தொரு படி ஏறினேன்.

பாடம் நடத்தியவள் பாறசாலைப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கரும்பலகையில் இங்கிலீஷ். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை சாரே என்பாள். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போக ஏழு அடுக்கு உண்டு என்று முதல் வாரம் சொன்னாள். கீழே கம்பி, மேலே நாம் பார்க்கும் திரை. நான் ஏழையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை சமாச்சாரம் என்று பக்கத்தில் எண் போட்டேன்.

"எண்ணிக்கிட்டே இருந்தா எப்பிடி சாரே? படிக்கணும் கேட்டோ" என்றாள்.

எண்ணுவதால் ஒரே ஒரு முறை நன்மை வந்தது. கம்ப்யூட்டர்களுக்கு விலாசம் கொடுக்கும் கணக்கு அது. சுழியத்திலிருந்து ஏழு வரை எட்டு எண் கொண்ட ஒரு கட்டில் முதல் எண்ணை எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கக் கூடாது, அது அந்தக் கட்டுக்கே பெயர். கடைசி எண் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி சொல்ல. மிச்சம் ஆறு. பையன்கள் எல்லாரும் எட்டு எட்டு என்று எழுதித் தப்புப் பண்ணினார்கள். நான் மட்டும் ஆறு என்று எழுதியிருந்தேன்.

"சாருக்கு மட்டும் எப்பிடிப் பிடி கிடைச்சு?" என்றாள்.

என் அப்பா சாலைக்கடைத் தெருவில் அரிசிக் கடையில் அளப்பவர். அவர் வாயில் ஒன்று என்ற எண் வந்து நான் கேட்டதில்லை. முதல் படியைக் கொட்டும்போது லாபம் என்பார், அடுத்தது ரெண்டு, அப்புறம் மூணு. முதலாவதுக்கு எண் கிடையாது, பெயர்தான் உண்டு. அதைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து பையன்கள் சுழியத்தில் முடியும் எந்த விலாசத்தைக் கண்டாலும் "லாபம், லாபம்" என்று கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஏழு இருபதுக்குள் நான் வீட்டுக்குப் போகாவிட்டால் என் மனைவி ஒரு கையால் சோறு வடிக்கப் பார்ப்பாள்.

விடியற்காலையில் வீட்டில் படிப்பேன். ஆபீசில் மிச்சம் கிடந்த டெலக்ஸ் காகிதச் சுருளில் குறிப்பு எழுதினேன். தாள் தாளாக இல்லாமல் ஒரே நீளம். கடைசியில் அளந்தபோது பத்தொன்பது அடி இருந்தது. சுருள் சுருண்டு சுருண்டு மூடிக்கொள்ளும். அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தன் இடது கையை வலது கையால் தூக்கி, காகிதத்தின் ஓரத்தில் பாரமாக வைப்பாள்.

"ஒண்ணுக்கும் ஆகாத கைன்னு நெனச்சேன். பேப்பர் வெயிட்டுக்கு ஆகுமாக்கும்" என்பாள்.

அவள்தான் கேள்வி கேட்பாள். பத்தாம் வகுப்புவரை படித்தவள், ஏழு அடுக்கையும் என்னைவிட முன்னால் மனப்பாடம் செய்துவிட்டாள். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்கும்முன் மூன்று சின்னச் செய்திகள் போய்வர வேண்டும் என்ற பாடம் மட்டும் என் தலையில் ஏறவில்லை. முதலாவது கூப்பிடும். இரண்டாவது, கேட்கிறது, உனக்குக் கேட்கிறதா என்னும். முதலாவது, கேட்கிறது என்னும். அதன்பிறகுதான் விஷயம். நாலு நாள் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

"இதுல என்ன இருக்கு? நம்ம போன்ல சொல்லுகதுதானே. கேக்கா? கேக்கு, ஒங்களுக்குக் கேக்கா? கேக்கு, சொல்லு. மூணுதானே?" என்றாள்.

மூன்றுதான். அதற்குப் பிறகு மறக்கவில்லை.

பரீட்சை மார்ச் மாதக் கடைசி வாரம், செயலகத்துக்குப் பின்புறம் ஒரு குளிரூட்டிய அறையில். பேனா கூடாது, கைக்கடிகாரம் கூடாது. எழுதிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் பலகையும் ஒரு மார்க்கரும் கொடுத்தார்கள். கேஸ் அடுப்பை மூடினேனா என்ற சந்தேகம் பஸ்ஸில் மூன்று முறை வந்தது. உட்கார்ந்தேன். திரையில் இங்கிலீஷில் ஒரு நீண்ட பக்கம் வந்தது, விதிமுறைகள். அதன் அடியில் தொடங்கு என்று ஒரு பொத்தான். அறுபது கேள்வி, தொண்ணூறு நிமிஷம் என்பது எனக்கு முன்பே தெரியும். திரை விழித்துவிட்டது, லைன் திறந்துவிட்டது, இனி வாசித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று என் உடம்பு சொன்னது. பொத்தானை அழுத்தினேன். அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம், அப்போது கடிகாரம் ஓடவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததை இடம் விட்டு வை, கடைசியில் வா. அப்படியே செய்தேன். நாலாவது கேள்வியில் சந்தேகம், விட்டேன். பலகையில் 4 என்று குறித்தேன். பதிலைத் தேர்ந்தெடுக்கவில்லையே, மேலே போகலாமா என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி கேட்டது. சரி என்று அழுத்தினேன். 11, 17, 23, 24, 31, 38, 46, 52. ஒன்பது முறை கேட்டது, ஒன்பது முறையும் சரி என்றேன். ஒரு மனுஷன் என்னிடம் ஒரே விஷயத்தை ஒன்பது முறை கேட்டிருந்தால், ஏன் கேட்கிறான் என்று யோசித்திருப்பேன்.

போகப் போக மனம் தெளிந்தது. முப்பத்தைந்தாவதற்கு வந்தபோது நாலாவதன் விடை ஞாபகம் வந்தது. நாற்பதுக்குள் பதினேழும் இருபத்துமூன்றும் தெளிந்தன. பலகையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே விடைகளை எழுதி வைத்தேன். அறுபதை முடித்தபோது இருபத்தோரு நிமிஷம் மிச்சம். ஒன்பதில் ஐந்துக்கு விடை கையில் இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. இனி நிதானமாகத் திரும்பிப் போகலாம் என்று அடுத்தது என்ற பொத்தானை அழுத்தினேன்.

திரை வெளுத்தது. பிறகு மதிப்பெண் வந்தது. வேண்டியது நாற்பத்திரண்டு. நான் எடுத்தது முப்பத்தொன்பது.

வெளியே மேஜையில் இருந்த பெண் அச்சிட்ட தாளைத் தந்தாள். "திரும்பிப் போக வழி இல்லையா?" என்று கேட்டேன். ஆட்டோ ஸ்டாண்டுக்கு வழி கேட்கிறேன் என்று நினைத்து, இடது பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கிருந்து நேராகப் படியேறிப் போய் டீச்சரிடம் தாளைக் காட்டினேன். விட்ட கேள்விகளைப் பற்றிச் சொன்னதும் அவள் நெற்றியில் கை வைத்தாள்.

"அய்யோ சாரே. ஒருக்கா விட்டா பின்னால போக முடியாதுன்னு முதல் பக்கத்திலேயே உண்டல்லோ. வாசிக்கலையா?"

"இல்லை."

"பசங்க எல்லாரும் என்கிட்ட வந்து கேட்டாங்களே. சார் மாத்திரம் கேக்கல. சாருக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் கண் கலங்கியது எனக்குச் சங்கடமாக இருந்தது. மறுபடி எழுத முப்பது நாள் பொறுக்க வேண்டும். மேனேஜர் முப்பது நாள் பொறுக்கக்கூடியவராக இருக்கலாம், கம்பெனி இல்லை. ஏப்ரல் முதல் வாரமே பதினெட்டுக் கம்ப்யூட்டருக்கும் கம்பி இழுக்க ஆள் வந்துவிட்டது. என் மாற்றல் உத்தரவு மூன்று வரி.

பரீட்சையன்று நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி மேஜையருகில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை?"

"முப்பத்தொம்பது."

"வேண்டியது?"

"நாப்பத்திரண்டு."

"ஒண்ணும் விட்டுட்டேளா?"

"ஒம்பது. அதுல அஞ்சு தெரியும்." முழுக் கதையையும் சொன்னேன்.

"டெலக்ஸை மூடி ஒரு வருஷமாச்சு. நீங்க மட்டும் இன்னும் லைன் ஓடுகு, லைன் ஓடுகுன்னு பறக்கேள்" என்றாள். பிறகு, "நான் மலைக்கு வரல. இந்தக் கைக்கு அங்க யாரு இருக்கா? நீங்க போங்கோ. பக்கத்து வீட்டு அக்காட்ட காலையில சொல்லியாச்சு."

"காலையிலயா? பரீட்சைக்கு முன்னாலயேவா?"

"பின்னே? ஒங்களை எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தை முப்பத்தொன்பதைவிட வலித்தது. ஆனால் அவள் கேலியாகத்தான் சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஐந்து வருஷம் பொன்முடி. திங்கள் விடியலில் தம்பானூரில் பஸ் ஏறுவேன், சனிக்கிழமை மாலை இறங்குவேன். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. இருந்தாலும் நானும் எண்ணுவேன். எஸ்டேட் ஆபீசில் கிளார்க்குக்கு இலை எடை, ஆள் கணக்கு, மழை அளவு. கம்ப்யூட்டர் கிடையாது. பத்தொன்பது அடிச் சுருளைப் பெட்டியில் கொண்டுபோயிருந்தேன். முதல் மழையில் அது ஈரம் குடித்து ஊதிப்போயிற்று.

ஒரு டெலிபோன் இருந்தது. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் பேச அனுமதி வாங்கியிருந்தேன். மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் லைன் இரையும், அதனால் எப்போதும் மூன்றையும் சொல்லித்தான் தொடங்குவோம். கேக்கா? கேக்கு, ஒங்களுக்குக் கேக்கா? கேக்கு, சொல்லு. அதன்பிறகு அவள் ரிசீவரை இடது கைக்கு மாற்றுவாள். ஆஸ்பத்திரியில் அவர்களே சொன்ன பயிற்சி அது. அங்கே பிடிக்கக் கொடுத்த ரப்பர் பந்தைவிட இது மேல் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மாற்றியபின் பேச மாட்டாள், பேசினால் கை தளரும். நான் எண்ணுவேன். முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் தடாலென்று சத்தம் கேட்கும். பிறகு வலது கையால் எடுத்து, "எத்தனை?" என்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் நடுவிரலும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் மலை முழுக்க மஞ்சு. பேசத் தொடங்கவே நாலு முறை கூப்பிட வேண்டியிருந்தது. கையை மாற்றினாள். எண்ணினேன். ரிசீவர் விழுந்தது. எடுத்தாள்.

"எத்தனை?"

"பதினேழு."

"இல்லையே. நான் பத்தொம்பது எண்ணினேன். ஒங்க லைன்ல ரெண்டு விழுந்துட்டு போல."

பதினேழுதான். நான் சரியாக எண்ணியிருந்தேன். இருந்தும் அன்றைய மழை அளவுக்குக் கீழே, நோட்டின் ஓரத்தில், பத்தொன்பது என்று எழுதினேன்.