லட்டுவின் வயிற்றில் ஒரு சுண்டைக்காய்

நசரத்பேட்டையில் வசந்தகுமாரி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 'கொசு அக்கா' என்றால் புது அடுக்குமாடிக் காவலாளிகூட வழி காட்டுவார். மூடாத தொட்டி, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர் என்று வீடு வீடாக ஏறிக் கொசுப்புழு தேடுவது அவள் வேலை. சில வீடுகளில் மணியடித்தாலும் திறக்க மாட்டார்கள். அவளும் விட மாட்டாள்.

வீட்டில் அவளுடைய செல்லம் லட்டு. தம்பி கோபி மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் வெள்ளைப் பெண்குதிரை. அதற்கு வயதாகிக்கொண்டிருந்தது. பட்டாசுக்கு மிரளவும் தொடங்கியிருந்தது. "ஒரு குட்டி போட்டா வெச்சிக்கலாம். இல்லாட்டி வித்துட வேண்டிதான்" என்று கோபி சொல்லிவிட்டான். சென்னீர்குப்பத்தில் குதிரையேற்றம் கற்றுத்தரும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஆண்குதிரையோடு சேர்த்துவிட்டு வந்தார்கள். அன்று முதல் லட்டுவின் காதில் இரண்டு வார்த்தை பேசாமல் வசந்தகுமாரி வேலைக்குக் கிளம்பியதில்லை.

இரண்டு வாரம் ஆவதற்குள் ஒரு முகூர்த்தம். வேண்டாம் என்று அவள் சொல்லியும் கோபி லட்டுவை ஓட்டிப்போனான். மறுநாள் காலையில் கையில் ஒரு மருந்துக் குப்பியோடு வந்து நின்றான்.

"எக்கா, செனை நிக்கல. ஊசி போட்டு பருவத்துக்கு இட்டாந்து, இன்னொரு தபா சேத்துடலாம்."

"நிக்கலன்னு உனக்கு யார்ரா சொன்னது?"

"ஊர்வலத்துல வால தூக்கிகினு இன்னா ஆட்டம் ஆடுச்சு தெரியுமா? செனை குதிர அப்டி ஆடுமா?"

"பேண்டு சத்தத்துக்கு நீயுந்தான் ஆடுன. உனக்கும் ஊசி போட்டுடலாமா?"

அவனுக்கும் குதிரைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டே கால்நடை மருத்துவர் ராதிகாவுக்கு போன் செய்தாள். டாக்டர் வரும்வரை அங்கிருந்து நகரவேயில்லை.

ராதிகா தோள்வரை கையுறை மாட்டி, ஸ்கேன் கருவியோடு கையை லட்டுவின் ஆசனவாய் வழியாக உள்ளே விட்டாள். திரையில் சாம்பல் நிறப் புகைதான் தெரிந்தது.

"கருப்பையோட இடது பக்கம் ஒண்ணும் இல்ல."

"நான் சொன்னேன்ல?" என்றான் கோபி.

"வாய மூட்றா" என்றாள் அக்கா.

"இந்தா, வலது பக்கம்! வசந்தாக்கா, பாருங்க."

சுண்டைக்காய் அளவில் ஒரு கறுப்பு வட்டம். வசந்தகுமாரிக்குக் கண் கலங்கி, அந்த வட்டமும் கலங்கித் தெரிந்தது.

தேநீர் குடித்த பிறகு அவள் இன்னொரு முறை காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். இந்த முறை வலது பக்கம் வெறுமையாக இருந்தது. "ஐயோ, எங்க போச்சு?"

"பயப்படாதீங்க. நடுவுல வந்திருக்கு." ராதிகா சிரித்தாள். "மனுஷக் கரு ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் வழியா ஹார்மோன் அனுப்பும். குதிரைக்கு அப்படி இல்ல. முதல் ரெண்டு வாரமும் கருப்பை முழுக்க உருண்டுகிட்டே, போற இடமெல்லாம் 'நான் இருக்கேன்'னு சொல்லணும். சொல்லாம விட்டா, ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக் கருப்பை ஒரு ஹார்மோன விடும். கரு கலைஞ்சிடும்."

"இன்னான்னு சொல்லும் டாக்டர்?"

"எதை வெச்சு சொல்லுதுன்னு இன்னும் யாரும் சரியா கண்டுபிடிக்கல."

"ஒரு தெரு உட்டுட்டா?"

"உட்டுட்டா போச்சு."

"என் பொழப்பேதான்" என்று லட்டுவின் முதுகைத் தடவினாள் வசந்தகுமாரி.

ராதிகா கோபி பக்கம் கை நீட்டினாள். "அந்தக் குப்பியக் குடு தம்பி. கருப்பை விடும்னு சொன்னேன்ல, அதே ஹார்மோன்தான் இது. போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

கோபியின் முகம் வெளுத்தது. குப்பியைக் கொடுத்துவிட்டு, அக்கா சொல்லாமலே பேண்டு செட் ஜம்புலிங்கத்துக்கு போன் போட்டான்.

"மாமே, அடுத்த முகூர்த்தத்துக்கு குதிர வராது. முழுகாம கீது."

"அட! அப்ப மாப்ள எதுல வருவாரு?"

"நடந்து வர சொல்லு. கால் கீதுல்ல?" என்று வசந்தகுமாரி எட்டி நின்று கத்தினாள். மறுமுனையில் ஜம்புலிங்கம் சிரித்தது வாசல்வரை கேட்டது.

கோபி லட்டுவை நிழலுக்குக் கூட்டிப்போனான். அதன் வயிற்றைத் தொடப் பயந்து, பக்கத்தில் கையை வைத்தபடியே நின்றான்.

"எக்கா, இப்ப எந்தப் பக்கம் போயிருக்கும்?"

"அது வேலய அது பாக்கட்டும். நீ போய் தண்ணி எடுத்துகினு வா."