சூரியனை மடியில் வைத்துக்கொண்டு நிவித்திகலவுக்கு

காலை 5.40, கொழும்பு புறக்கோட்டை. இரத்தினபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் மகிழ்ச்சியில்லை. மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க். அதைச் சுற்றி மூன்று பொலித்தீன் பை, ஒரு துவாய், அதற்கு மேல் என் மாற்றுச் சட்டை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் அக்கா மகள் கௌசல்யாவுக்குப் போகிறது. அவள் படித்த பல்கலைக்கழகத்தின் கணினிகள் இரண்டு வாரம் போட்ட சூரியக் கணக்கு அதில் இருக்கிறது. தோட்டத்துச் சிக்னலில் அது இறங்கி முடிய அடுத்த தீபாவளி வந்துவிடும். ஆகவே நான்.

பக்கத்து சீட் அம்மா நான் அணைத்திருந்த விதத்தைப் பார்த்து, "பபாத?" என்றார். சிங்களத்தில் குழந்தையா என்கிறார்.

"நே, இர," என்றேன். இல்லை, சூரியன்.

அவர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்.

அவிசாவளையில் பிடித்த மழை விடவில்லை. பஸ் கூரையிலிருந்து ஒரு சொட்டு பைமேல் விழ, நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் பாம்பென்று நினைத்து ஓடி வந்தார்.

9.30, இரத்தினபுரி. பிளேன்டீ அறுபது ரூபாய். அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் நிவித்திகல. பிறகு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், எண்ணூறு ரூபாய்.

"தோட்டத்துல யாருக்குங்க முடியல?" என்றார் டிரைவர், என் முகத்தைப் பார்த்து.

"எனக்குத்தாங்க."

12.15, லயம். மூன்று மணிக்கு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கௌசல்யாவை இணையத்தில் கேள்வி கேட்பார்கள். மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது அதில்தான். சூரிய ஒளியைப் பிரித்தால் தெரியும் கறுப்புக் கோடுகளின் நெளிவிலிருந்து அதன் வளிமண்டலத்தின் வெப்பத்தைச் சொல்ல ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கியிருந்தாள். வாரக்கணக்கில் ஆகும் வேலையை அது நிமிடங்களில் முடிக்கும். சரியாகச் சொல்கிறதா என்று ஒத்துப் பார்க்கத்தான் நான் கொண்டுவந்த கணக்கு.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாள். அமைதியான இடங்களில் அச்சாகப் பொருந்தின. சூரியனில் வெடிப்பு நடந்த இடம் மட்டும் கணக்கில் தகதகவென்று சிவப்பு. நெட்வொர்க்கில் குளுகுளு நீலம்.

"வெடிப்ப நான் அதுக்குக் காட்டவே இல்ல மாமா. தெரியாதுன்னு சொல்லத் தெரியாம, தெரிஞ்ச மாதிரியே சொல்லிருக்கு."

நான் மணியைப் பார்த்தேன். "டிஸ்க் நனைஞ்சிருச்சுன்னு சொல்லிரு. மாமா ஒரு மடையன்னு சொல்லு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அக்கா அடுப்படியிலிருந்து, "அது உண்மதான் தம்பி," என்றாள். "ஆனா தராசுல தொங்குன பொறவு கொழுந்து கூடுமா? நீ பாத்தத சொல்லு புள்ள."

3.00. கொழுந்தெடுக்கும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் வாசலில்தான் சிக்னல். கௌசல்யா முதலில் காட்டியதே அந்த நீலத் தப்பைத்தான். நான் குடை பிடித்தேன். கணினியை மறைத்ததில் அவள் தோள்தான் நனைந்தது. விண்ணப்பத்தோடு நீ அனுப்பிய நெட்வொர்க் படத்தை நம்பித்தான் அழைத்தோம், இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். திரை அணைந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது வேடிக்கை பேசியிருப்பேன்.

5.10, நிவித்திகல பஸ் தரிப்பு. அதே மழை. கொழும்பிலிருந்து மனைவி போனில்.

"என்னங்க, புள்ளைக்குக் கெடச்சிருமா?"

எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பவன் நான்.

"தெரியல," என்றேன்.



"ஒங்களுக்குக் காய்ச்சலா?" என்றாள்.