உப்பின் மேல் வைத்த பணம்

மகள் பெயருக்கு வந்த பதிவுத் தபாலை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சுனாமிக்கு அடுத்த வருஷம், கோடைக்காலம். மரக்காணம் உப்பளத்தில் அப்போது நான் மேஸ்திரி. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். உறைக்குள் ஆங்கிலத்தில் மூன்று பக்கம். எழுத்துக்கூட்டிப் படித்ததில் அவள் பெயரும், ஒரு வங்கியின் பெயரும், கீழே வக்கீலின் முத்திரையும் விளங்கின. நடுவே தடித்த எழுத்தில் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம். யாருக்கோ போக வேண்டியது தப்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் பெண் யாரிடமும் பத்து ரூபாய் கைமாற்று வாங்காதவள்.

அவள் சென்னையில் ஒரு துணிக் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். வயது இருபத்தாறு. ஹாஸ்டலில் இருந்தாள். அன்று மாலையே பஸ் ஸ்டாண்டு பூத்தில் இருந்து போன் போட்டேன்.

“இன்னாம்மா இது? வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குது.”

“கிரெடிட் கார்டுப்பா. நான் கட்டிடறேன். நீங்க கவலைப்படாதீங்க.”

“உன்ன யாரு கடன் வாங்கச் சொன்னா? மானத்த வாங்கிட்டியே!”

பூத்துக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். “அம்மா ஆபரேஷனுக்குத்தாம்பா வாங்கினேன்” என்றாள்.

முந்தைய வருஷம் என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. பணம் கட்டும் இடத்துக்கு மகள் தனியாகப் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, “கட்டியாச்சுப்பா” என்றாள். சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அதே வருஷம் வீட்டுக்கு ஒரு பிரிட்ஜும் அனுப்பினாள். அளத்து வெயிலில் நின்றுவிட்டு வந்து அதில் இருந்து ஜில்லென்று தண்ணீர் எடுத்துக் குடித்தவன் நான். பிரிட்ஜும் கார்டுதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாசாமாசம் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வட்டி தன் பாட்டுக்கு ஏறியிருக்கிறது. ஒரு கட்டத்தில் அதையும் கட்ட முடியவில்லை. அப்புறம் வங்கி ஆட்கள் அவள் அலுவலகத்துக்கே போன் செய்து கண்டபடி பேச ஆரம்பித்தார்கள். கோர்ட்டில் இருந்து சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி ஆர்டர் வந்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு பிடிப்பு இல்லை. எப்படியாவது ஆர்டர் வராமல் தடுக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் சிந்தனை.

இரண்டு வாரம் கழித்து வங்கிக்கு வசூல் செய்யும் ஆள் ஒருவன் பைக்கில் வந்தான். டை கட்டிய பையன். என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டான். முதலில் நாற்பதாயிரம் கட்டிவிட்டால் கேஸ் போடாமல் பேசி முடிக்கலாம் என்றான். என் மனைவி தங்க வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். திண்டிவனத்தில் விற்றேன். அவன் பணம் வாங்க அளத்துக்கே வந்தான்.

எங்கள் அளத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பருவம் தொடங்கும்போது வேலையாட்களுக்கு முன்பணம் கொடுப்போம். முதல் தடவை வாரிக் குவித்த உப்பின் மேல் நான் பணத்தை வைப்பேன். வாங்குகிறவர் ஒரு பிடி உப்போடு சேர்த்து அதை எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான், எழுத்து கிடையாது. மழை வந்து உப்பு கரைந்து கூலியே இல்லாமல் போன வருஷத்திலும், அடுத்த பருவத்தில் வந்து உழைத்துக் கழித்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் ஏமாற்றியதில்லை. உப்போடு எடுத்தவரிடம் கையெழுத்துக் கேட்பது முகத்தில் காறித் துப்புவது மாதிரி.

அந்தப் பையனுக்கும் அப்படியே வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒரு பிடி உப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான்.

“ரசீது ஆபீஸ்ல இருந்து தபால்ல வரும் ஐயா.”

“ரசீது எதுக்குப்பா? அதான் உப்ப எடுத்துட்டியே” என்றேன். என் வாயால் நானே சொன்னேன்.

இரண்டு மாசத்தில் கோர்ட் சம்மன் வந்தது. அதே தொகை, மேலே வட்டி. நாற்பதாயிரத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மகள் லீவு போட்டு வந்தாள். கையில் காகிதங்கள் எல்லாம் அடுக்கிய ஒரு பைல்.

“நீங்க கட்டின ரசீது எங்கப்பா?”

சொன்னேன். அவள் அந்தப் பையனை அனுப்பிய வசூல் கம்பெனிக்குப் போன் செய்தாள். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம், அப்படி ஒரு பணம் வரவே இல்லையாம். அந்த உப்பை ஈ.சி.ஆரில் எந்த வளைவில் கொட்டினானோ. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சரிப்பா, விடுங்க” என்று சொல்லிவிட்டுப் பைலை மூடினாள். அவளைப் பெற்றதில் இருந்து அன்றைக்குப் போல் நான் வெட்கப்பட்டதில்லை.

இந்த மாதிரிக் கேஸ்களை மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்று ஒரு வக்கீல் வழி சொன்னார். ஒரு சனிக்கிழமை சென்னைக்குப் போனோம். பெரிய ஹால், எங்களைப் போல நிறையப் பேர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் முறை வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

“ஐயா, நாப்பதாயிரம் குடுத்துட்டேன். உப்பு மேல வச்சித்தான் எடுத்தான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நீதிபதி சிரிக்கவில்லை. “ரசீது இருக்குதாங்க?” என்று மட்டும் கேட்டார். வங்கி அதிகாரி தன் காகிதங்களைப் புரட்டிவிட்டு இல்லை என்று தலையாட்டினார். கோபத்தில் எழுந்துவிட்டேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

“சார், எங்க அப்பா குடுத்தது நிஜம். ஆனா எங்ககிட்ட அத்தாட்சி இல்ல. கடன் என்னோடது. வட்டியக் கொறைச்சி தவணை போட்டுக் குடுங்க, கட்டிடறேன். ஆபீசுக்கு மட்டும் ஆர்டர் போக வேணாம்.”

அறுபதாயிரத்துக்கு முடிந்தது. பன்னிரண்டு தவணை. ஒன்று தவறினாலும் ஆர்டர் நேரே கம்பெனிக்குப் போகும். முதல் தவணையை அங்கேயே கட்டினாள். கொடுத்த ரசீதில் தேதி, முத்திரை, கையெழுத்து என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பைலில் வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு என்பதால் அவளும் என்னோடு பஸ் ஏறினாள். கடப்பாக்கம் வரைக்கும் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். யாரோ ஒரு பையன் உப்பை எடுத்ததும் நம்பியது தப்புதான். ஆனால் பெற்ற பெண் “கட்டியாச்சுப்பா” என்றபோது ஏது பணம் என்று கேட்காமல் இருந்தேனே, அது என்ன? கேட்டால் நானும் பங்கு போட வேண்டி வரும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கும். அவள் வேலைக்குப் போன மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

“உனக்கு மாசம் எவ்ளோம்மா சம்பளம்?”

“ஆறாயிரம்பா.”

“ஹாஸ்டலுக்கு?”

“ரெண்டாயிரத்தி ஐநூறு. மீதி கார்டுக்குக் கட்டவே சரியாப் போயிடும்.”

“அப்ப எங்களுக்கு அனுப்பின ரெண்டாயிரம்?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அது கார்டுல எடுத்து அனுப்பினதுப்பா. கார்ட நிறுத்தினதுக்கு அப்புறம்தான் கம்மியா வந்துது.”

பணம் குறைந்த அந்த மாசம் எனக்கு ஞாபகம் இருந்தது. பட்டணத்துக்குப் போய்ச் செலவாளியாகிவிட்டாள் என்று என் மனைவியிடம் சொன்னவன் நான்தான்.

“இனிமே ஒண்ணும் அனுப்பாதம்மா. தவணைல பாதி நான் தர்றேன். நானே போய்க் கட்டிட்டு வர்றேன்.”

“ரசீது வாங்குவீங்களா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

மீதிப் பதினோரு ரசீதையும் நான்தான் வாங்கி வந்தேன். அவள் வேலை போகவில்லை.