நவ்விலும் சுகத்திலும்

எங்கள் அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் வேண்டும், மூத்த மகள் நீதான் எழுத வேண்டும் என்று எங்கள் நைனா, அதாவது அப்பா, சொல்லிவிட்டார். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அம்மாவைப் பற்றி ஏதாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்று இப்போதும் கை தயங்குகிறது. ஆனால் எங்கள் குடும்பம் தொடங்கியதே ஒரு தப்பான சொல்லில்தான்.

அம்மா பிறந்தது நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் பேசுவதும் வேதம் வாசிப்பதும் தெலுங்கில். நைனா திருத்தணியில் பிறந்த தமிழர். அரக்கோணம் ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்த்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் எங்கள் சிறிய ஆலயத்தில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. 'நோவிலும் சுகத்திலும் கூட இருப்பேன்' என்று போதகர் சொல்லிக்கொடுக்க, நைனா பிசகில்லாமல் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அப்போது தமிழ் அரைகுறை. பதற்றத்தில் அவர் காதில் விழுந்தது தெரிந்த சொல்தான். "நவ்விலும் சுகத்திலும்" என்று சொல்லிவிட்டார். தெலுங்கில் நவ்வு என்றால் சிரிப்பு. பெண் வீட்டார் பக்கம் ஒரே சிரிப்பு. தெலுங்கு தெரியாத போதகர் ஒன்றும் புரியாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாயிற்று. அம்மா முகம் வாடியிருந்தால் நைனா, "இன்னாம்மே, நோவா, நவ்வா?" என்பார். அம்மா, "நவ்வுதாங்க" என்பார். மலைப்படிக்குப் போகும் தெருவில் இரண்டே அறை உள்ள வீடு. தறிக்கார வீட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தே அம்மா தமிழ் கற்றார். ஆடிக் கிருத்திகையில் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு வாசலில் பானை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார். "தாகத்துக்குச் சபை கெடயாது" என்பார். இவ்வளவு சிரித்த பெண்ணுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது என்று எனக்கு ஆறு வயதில்தான் தெரிந்தது.

அந்த வருஷம் நைனாவுக்கு மஞ்சள் காமாலை. மூன்று நாட்களாகச் சாப்பாடு இல்லை, பேச்சும் இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போதகர் வீட்டுக்கு ஓடினார்.

"அய்யா, அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன். நோவுல கூட இருப்பேன்னு நான் வாக்கே குடுக்கல. அதான் அவருக்கு இப்டி ஆயிடுச்சி. மறுபடியும் சொல்ல வைங்க."

போதகர் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். நைனா கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். போதகர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த இடம் வந்ததும் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நோ..." என்று ஆரம்பித்தபோது கட்டிலிலிருந்து நைனாவின் குரல் கேட்டது.

"சரியா சொல்லிடாத. பழசே இருக்கட்டும். நோவுல பாத்துக்க ஆஸ்பத்திரில நர்சம்மா கீறாங்க அய்யா. நவ்வுக்கு எனக்கு வேற யாரு கீறாங்க?"

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போதகர் புத்தகத்தை மூடினார். அன்று மாலை நைனா கஞ்சி கேட்டார். சிரிப்பால் காமாலை போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் இருந்தார், கீழாநெல்லி இருந்தது. ஆனால் அந்தக் கஞ்சியை உள்ளே இறக்கியது அம்மாவின் சிரிப்புதான் என்று நைனா இன்றும் சாதிக்கிறார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தேவனுக்கு முன்னால் சொன்ன வாக்கு தப்பாகவே நிற்கிறதே என்று பயந்துகொண்டே வளர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்தச் சிரிப்பே எங்களை ஏமாற்றிவிட்டது. இதை எழுதத்தான் வேண்டும். இரண்டு வருஷங்களுக்கு முன்பிருந்தே அம்மாவுக்கு வயிற்றில் வலி இருந்திருக்கிறது. தையல் மிஷினில் குனிந்தபடியே நிமிராமல் இருப்பார். "நோவா, நவ்வா?" என்று நைனா கேட்பார். "நவ்வுதாங்க" என்பார். நாங்களும் நம்பினோம். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் கேள்வியின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. நைனாவிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வாரத்தில் ஒரு மதியம். நைனா கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே வெளாட்டு வோணாம். நெசத்த சொல்லு. நோவா?"

அம்மா, "ஆங். நோவுதாங்க. ரொம்ப நோவு" என்றார்.

இருபது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை அவர் வாயால் கேட்டேன். நைனா பிடித்த கையை விடாமல், "அதுக்குத்தான் நீ வாக்கே குடுக்கலியே. யாரக் கேட்டுகினு அது வந்துச்சி?" என்றார்.

அம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு வலியாகச் சிரித்தார். அதன் பிறகு மருந்தை மறுக்காமல் குடித்தார். எங்கே வலிக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். மீதியிருந்த ஐந்து நாளும் எங்களுக்குத் தெரியாமல் அவர் எதையும் தனியாகத் தாங்கவில்லை.

வேலூரில் அம்மாவைத் தங்கள் வீட்டு மனுஷி மாதிரி பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த சபையாருக்கும், தறியை நிறுத்திவிட்டு அடக்கத்துக்கு வந்து நின்ற தெருக்காரர்களுக்கும், அன்றைக்குத் தப்பைத் திருத்தாமல் புத்தகத்தை மூடிய போதகர் ஐயாவுக்கும் எங்கள் நன்றி.

இப்போது என் பயமெல்லாம் நைனாவைப் பற்றித்தான். இந்த ஒரு வருஷமாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பாதித் தட்டுச் சோறு அப்படியே திரும்பி வருகிறது. போன வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "நைனா, நோவா, நவ்வா?" என்று கேட்டேன். அவர் அம்மாவின் தையல் மிஷினைப் பார்த்தார்.

"நோவுதாம்மா" என்றார்.

"கல்யாணத்தன்னிக்கு கோயில்ல நோவுன்னு சரியா சொல்லி வாக்கு குடுத்தது நீங்கதானே நைனா" என்றேன்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா இல்ல" என்றார். அப்புறம், ஒரு வருஷத்துக்குப் பிறகு, சிரித்தார்.