வலை கட்டாத ஒரே பால்கனி

இன்று மதியம் பேத்தி திவ்யாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனேன். அங்கே பால்கனி பால்கனியாகப் புறா வலை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இவள் பால்கனியில் பழைய கூலர் மேல் புறா இரண்டு முட்டை இட்டிருக்கிறது. வலை கட்டினால் தாய்ப்புறா உள்ளே வர முடியாது.

திவ்யா கதவை மறித்து நின்றாள். "நக்கோ பையா, வேணாம்ணா. இந்த ரூம் மட்டும் விட்டுடுங்க."

வலைக்காரர் வார்டனைக் கூட்டி வந்தார். வார்டனம்மா என்னைப் பார்த்து, "பெத்தம்மா, பெரியவங்க நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க" என்றார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்து, பேத்தி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "குஞ்சு பறக்கட்டும்மா, அப்புறம் கட்டிக்கோங்க. அதுவரைக்கும் நான் எழுந்திரிக்கிறதா இல்லை."

வார்டனம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. ஆனா தினமும் இவதான் பால்கனியைக் கழுவணும். அழுக்கா இருந்தா மறுநாளே வலைதான்."

"கழுவுறேன் மேடம்" என்றாள், வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவாதவள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சற்று முன் போன் செய்தாள். "பாட்டி, மத்த பால்கனி எல்லாத்துலயும் வலை போட்டுட்டாங்க. பில்டிங்ல இருக்கிற புறா பூரா இப்போ என்கிட்டதான் உக்காந்திருக்கு."

"வலை கட்டச் சொல்லிடலாமா?"

"நக்கோ. நல்ல துடைப்பமா ஒண்ணு கொண்டு வா."

காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன். காய்ந்த புறா எச்சம் எதை ஊற்றித் தேய்த்தால் போகும்? தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள்.