மாஸ்டர் சார்ட்டில் இருபத்தேழாவது ஆள்

மருத்துவக் கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு டைப்பிங் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அட்டை போடும் மெஷின் ஒன்று. கடையை நடத்துகிறவளுக்கு ஐம்பது வயது. மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள் எல்லாருக்கும் அவள் டைப்பக்கா. அந்த டாக்டர்கள் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்து தலையணை கனத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் கடைசிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். தீசிஸ் என்பார்கள். பத்தொன்பது வருஷமாக அவற்றை டைப் அடித்து அட்டை போட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

ஒரு உடம்பையும் தொட்டுப் பார்க்காமலே உடம்பில் உள்ளதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குறைமாதக் குழந்தையின் மூச்சு, சர்க்கரைக்காரர்களின் பாதப்புண், பிரசவமான தாய்மார்களின் ரத்தம், தூக்கம் வராத கிழவர்களின் மனசு எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. டாக்டர்களையும் அவள் இலாகா பெயரால்தான் சொல்வாள். "தோல் வந்துட்டுப் போச்சு. காது மூக்கு தொண்டை நாளைக்கு வரேன்னுச்சு" என்று வீட்டில் சொல்லும்போது கணவன் சிரிப்பான்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. சந்தேகம். அது பிறவிக் குணமில்லை, தொழிலில் ஒட்டிக்கொண்டது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தோல் டாக்டர் ஒருவரின் தீசிஸில், முப்பத்துநாலு வயது என்பதை முந்நூற்று நாற்பது என்று தவறி அடித்துவிட்டாள். யாருமே கவனிக்கவில்லை. அட்டையும் போட்டாயிற்று. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு தோல் டாக்டர் தன் சொந்த ஆராய்ச்சி என்று கையால் எழுதிய பட்டியலைக் கொண்டுவந்தார். ஒன்பதாவது நோயாளிக்கு வயது முந்நூற்று நாற்பது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட இவ்வளவு சோம்பேறியாக இருக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் பாஸாகி எங்கோ பெரிய டாக்டராகிவிட்டார். அன்றுமுதல் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அவளுக்குக் கண் சுருங்கும்.

இந்த வருஷம் எலும்பு டாக்டர் ஒருவர் வந்தார். ஒல்லியான பிள்ளை, பேச்சு குறைவு. முழங்கால் உடைந்து ஆபரேஷன் ஆன அறுபது பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து, வலி எவ்வளவு, நடை எப்படி என்று எழுதுகிற ஆராய்ச்சி. தீசிஸின் கடைசியில் மாஸ்டர் சார்ட் என்று ஒன்று வரும். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. பெயர் இருக்காது, ஆஸ்பத்திரி நம்பர் மட்டும் இருக்கும். ஆறாவது மாதம் வரை நிரப்பியிருந்தார், ஒரு வருஷத்துக்கான கட்டம் இன்னும் காலி.

இருபத்தேழாவது வரிசையில் அவள் விரல் நின்றது. ஐம்பத்துநாலு வயது, ஆண். அந்த நம்பர் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வரும். அந்த நம்பர் போட்ட அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு எத்தனை வரிசையில் நின்றிருப்பாள்! அது அவள் கணவனுடைய நம்பர்.

அவன் மின்சார இலாகாவில் லைன்மேன். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் நொறுங்கியது. அன்றிலிருந்து லீவில்தான் இருந்தான். ஆபரேஷன் செய்தபோது ஆராய்ச்சிக்குச் சம்மதம் என்று ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. இப்போது சார்ட் சொன்னது: ஆறாவது மாதம், வலி பத்துக்கு ஒன்று, கைத்தடி தேவையில்லை, படி ஏறுகிறார்.

அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "எந்தப் படி?"

வீட்டில் அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தாலே "அம்மா" என்று ஒரு சத்தம். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் குளியலறைக்குப் போவான். தண்ணீர்ச் சொம்பைக்கூட அவள்தான் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்த ஒரு வரிசை பொய்யென்றால் மீதி ஐம்பத்தொன்பதும் என்ன லட்சணம்?

அன்று சாயங்காலம் கணவனிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க, ஆறு மாசத்துல செக்கப்புக்கு வரச் சொன்னாங்களே, நீங்க போனீங்களா?"

"போனேன். பாத்தாங்க. விடு" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

வலியோடு இருக்கிறவனிடம் இதற்குமேல் என்ன கேட்பது? பாவம், ஏனோதானோவென்று பார்த்து அனுப்பியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் எலும்பு டாக்டர் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டாள்.

"டாக்டர் தம்பி, இந்த நோயாளிங்களை எல்லாம் நீங்களேதான் பாத்தீங்களா?"

அவர் முகம் காதுவரை சிவந்தது. "ஏன் கேக்கறீங்க?"

"இருபத்தேழாவது ஆள் எங்க வீட்டுக்காரர்."

"அக்கா, நோயாளி விஷயத்தை நான் வெளிய பேசக் கூடாது. வீட்டுக்காரராவே இருந்தாலும் அவர்கிட்டதான் நீங்க கேக்கணும்."

"பேச வேண்டாம். உண்மையா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நீங்க டைப் மட்டும் பண்ணுங்க, போதும்" என்றவர், அதைக்கூடச் செய்ய விடாமல் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற அவசரத்தில் குடையை மறந்தார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் ஏன் இத்தனை பயம்?

முன்பு ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. எலும்பு டாக்டரின் ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கிற பேராசிரியையைப் போய்ப் பார்த்தாள். நரைத்த முடியைக் கொண்டை போட்டிருந்த அந்த அம்மா, அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"வர்ற புதன்கிழமை இவங்களுக்கு ஒரு வருஷ பரிசோதனை. அந்தப் பையனைத் தள்ளி உக்கார வச்சிட்டு நானே பாக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா."

புதன்கிழமை காலையில் கணவன் கட்டிலில் படுத்தபடியே, "இன்னிக்கு ரொம்ப வலிக்குது. எங்கயும் நகர முடியாது போல" என்றான். அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்த மனுஷனைத்தான் படி ஏறுகிறார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடையைத் திறக்காமல் நேரே எலும்புப் பிரிவுக்குப் போனாள். நடைக்கூடத்தில் தூண் ஓரமாக ஒரு பெஞ்சு. யார் யார் வருகிறார்கள், யார் நொண்டுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தாள்.

பத்தரை மணிக்குக் கணவன் வந்தான்.

கைத்தடி கக்கத்தில் இருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். நர்ஸிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண் சிரித்தாள். பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டின் மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். திரும்புகிற இடத்தில் போலீஸ்காரன் மாதிரி குதிகாலில் திரும்பினான். அப்புறம் சோதனைக்கு வைத்திருந்த மரப்படியில் ஏறினான், இறங்கினான், கேட்காமலே இன்னொரு தடவையும் ஏறினான்.

அவள் தூணுக்குப் பின்னால் இன்னும் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் சுமந்தவள் அவள்!

அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய், அவனுடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொண்டாள். அவன் வாசலில் தடியை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"மருந்துக்கடை வரைக்கும் போனேன். உயிரே போயிடுச்சு" என்றான்.

"மரப்படி எத்தனை இருந்துச்சு? நாலா, அஞ்சா?"

அவன் நின்றான். தடியை மெல்லச் சுவரில் சாய்த்தான்.

"வந்திருந்தியா?"

"யாருக்காக இந்த நாடகம்? எனக்கா? எவளாவது இருக்காளா? சொல்லிடுங்க, அதையும் கேட்டுக்கறேன்."

"சீ, வாயைக் கழுவு" என்றான். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முழங்கால் சத்தமில்லாமல் மடங்கியது. "கால் சரியாயிடுச்சுன்னா மறுபடி ஏறணும்ல?"

"எதுல?"

"கம்பத்துல. ஏணியைப் பாத்தாலே கை நடுங்குது. தெருவுல யாரோ பெயின்ட் அடிக்க ஏணி சாத்தியிருந்தான், அதைப் பாத்துட்டு அடுத்த தெரு வழியா சுத்தி வந்தேன். முப்பது வருஷம் ஏறினவன். பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? வலிக்குதுன்னா யாரும் சிரிக்கமாட்டாங்க."

"என்கிட்டகூடவா?"

"உன்கிட்டதான் முக்கியமா."

அவளுக்குக் கோபம் இன்னொரு பக்கத்திலிருந்து கிளம்பியது. "அப்போ அந்த டாக்டர்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லத் தெரிஞ்சுதா? அவன் யாரு, உங்க மச்சானா?"

"அந்தப் பிள்ளை ஆபரேஷன் அன்னிக்கு என் கையைப் புடிச்சிட்டு நின்னுச்சு. என் ஒருத்தன் பொய்யால அதோட ஆராய்ச்சி கெட்டுப்போகக் கூடாதில்ல? ஆராய்ச்சின்னா உண்மையைத்தானே சொல்லணும்?"

"பொண்டாட்டின்னா?" என்று கேட்டாள். அன்று அவனே போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

அவளுக்கு எலும்பு டாக்டரை நினைத்துத்தான் உறுத்தியது. ஒரு நல்ல பிள்ளையின் தலையில் கல்லைப் போட்டுவிட்டோமே என்று இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவரே கடைக்கு வந்தார். குடையை எடுத்துக் கொடுத்து, "தம்பி, நான் தப்பா நினைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவர் குடையை வாங்கவில்லை. பென்டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"நாப்பத்தி ஒண்ணையும் அம்பத்தி மூணையும் எடுத்துடுங்கக்கா."

"ஏன்?"

"அந்த ரெண்டு பேரும் ஆறாவது மாசம் வரல. போனையும் எடுக்கல. அறுபது பேர்னு எழுதிக் கொடுத்துட்டேன், குறைஞ்சா என்ன ஆகுமோன்னு நானா போட்டேன். புதன்கிழமையும் அவங்க வரல. புரொபசர் அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். பரீட்சையை ஆறு மாசம் தள்ளிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சந்தேகம் சரி, வரிசைதான் தப்பு. அவர் முகம் சிவந்தது நாற்பத்தொன்றுக்கும் ஐம்பத்துமூன்றுக்கும். அவள் பிடித்ததோ இருபத்தேழை.

"உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு வரிசைகளை அழித்ததும் அறுபது, ஐம்பத்தெட்டு ஆனது. அதோடு எல்லா சதவீதமும் மாறின, எல்லா வரைபடமும் மாறின. அவர் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல, அவள் திருத்தினாள். நடுநடுவே நிறுத்தி, "இது பாத்ததா, போட்டதா?" என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு தடவையும் கோபப்படாமல், "பாத்ததுதான்க்கா" என்றார். முடிக்க நாலு நாள் ஆனது.

அடுத்த வாரம் கணவனோடு மின்சார ஆபீசுக்கு அவளும் போனாள். அவன் சொல்லத் திணறியதை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று பக்கத்தில் நின்றாள். மேலதிகாரி சிரிக்கவில்லை. அவருக்குக் கீழே இப்படி இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம். இலாகா டாக்டரிடம் அனுப்பி, மனநல மருத்துவரின் சீட்டையும் வாங்கி, கரண்ட் போனால் ஜனங்கள் கூப்பிடுகிற போனை எடுக்கும் வேலையில் அவனைப் போட்டார்கள். எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பம் என்று புத்தகம் பார்க்காமல் சொல்லுகிறவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான்.

காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, தடியில்லாமல் நேராக நடந்து போகிறான். அவள் ஜன்னல் வழியாகத் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எதிர்வீட்டுக்காரி, "பரவாயில்லையே, வீட்டுக்காரருக்கு நல்லா குணமாயிடுச்சே" என்றால், "அப்படித்தான் சொல்றாரு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறாள்.